சர்க்கரை இறங்கிச்சு, கால் வீங்கிச்சு

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். படிச்சுட்டு பேங்க்ல குப்பை கொட்டுறவன். இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ மாத்தவோ வேண்டாம். சந்தேகம் இருந்தா உங்க டாக்டரைக் கேளுங்க. இது ஒரு வரலாற்றுப் பதிவு, அவ்வளவுதான்.

2007 ஜனவரி. நான் அப்போ நாக்பூர் கிளையில் இருந்தேன். அப்பா மாயவரத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். ரிட்டயர் ஆன மனுஷர், கணக்கு நோட்டு மாதிரி சர்க்கரைக்கும் ஒரு நோட்டு வைத்திருப்பார். மூன்று கட்டம்: தேதி, வெறும் வயிறு, சாப்பிட்ட பின். ஊரில் புதிதாக ஒரு மாத்திரை சேர்த்திருந்தார்கள். அதற்குப் பிறகு வெறும் வயிற்றுச் சர்க்கரை 190-லிருந்து 118-க்கு வந்துவிட்டது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நோட்டைக் காட்டிப் பெருமைப்படுவார். எடையும் ரெண்டு மாதத்தில் 5 கிலோ ஏறியிருந்தது. "மருமக கை சாப்பாடு"ன்னு அதுக்கும் பெருமை.

ஒரு நாள் தங்கமணிதான் கவனித்தாள். "மாமா கால் ஏன் இப்படி இருக்கு?" செருப்பு காலில் ஏறவில்லை. கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் சர்க்கரை நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுக்கறீங்க?" அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "முன்னே ஒண்ணு. இப்ப ரெண்டு. ஒண்ணுன்னா மூச்சு முட்டுது" என்றார். எங்கள் யாருக்கும் அது தெரியாது. டாக்டர் மாத்திரைச் சீட்டைப் பார்த்து ஒன்றை அடித்தார். பயோகிளிட்டசோன். ரெண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது, தலையணையும் ஒன்றாகிவிட்டது. "நோட்டுல இன்னொரு கட்டம் போட்டு எடையையும் எழுதுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

சர்க்கரை இவ்வளவு அழகாக இறங்கும்போது இதயம் எப்படித் தடுமாறும்? அந்தக் கேள்வியோடு அப்போதிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்து வந்திருக்கிறேன். அதைத்தான் இங்கே கோர்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஹார்ட் அட்டாக் வேறு, ஹார்ட் ஃபெயிலியர் வேறு. அட்டாக் என்பது ரத்தக்குழாய் அடைத்து இதயத் தசையில் ஒரு பகுதி சாவது. ஃபெயிலியர் என்றால் இதயம் நின்றுபோவது இல்லை. அந்தப் பம்ப் தேவைக்கு ஏற்ப வேலை செய்ய முடியாமல் போவது. தண்ணீர் தேங்கும். காலில் வீக்கம், நுரையீரலில் நீர், படுத்தால் மூச்சு முட்டல். அட்டாக் வந்தால் தெருவே கூடும். இது சத்தமில்லாமல் வரும், "வயசாச்சு, களைப்பு" என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு இது அதிகம் வரும் என்பது புதுச் செய்தியும் இல்லை. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊர் மக்களை வருஷக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தவர்கள் 1974-லேயே எழுதிவிட்டார்கள்: சர்க்கரை உள்ள ஆண்களுக்கு ஹார்ட் ஃபெயிலியர் அபாயம் ரெண்டு மடங்கு, பெண்களுக்கு ஐந்து மடங்கு. ஆனாலும் அதற்குப் பிறகு பல வருஷம் சர்க்கரை மாத்திரைகளை எடை போட்டவர்கள் அந்தக் கட்டத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அவர்கள் பார்த்தது ஒரே எண்: ரத்தச் சர்க்கரை. எங்கள் தொழிலில் சொல்வதானால், கடன் கேட்டு வரும் பார்ட்டியின் கரண்ட் ரேஷியோவை மட்டும் பார்த்து லோன் கொடுப்பது மாதிரி. ரேஷியோ பிரமாதமாக இருக்கும். அடுத்த வருஷம் அக்கவுண்ட் என்.பி.ஏ. ஆகியிருக்கும் :-)

அந்த ஒற்றை எண் போதாது என்று முதலில் மணி அடித்தது ஒரு அமெரிக்க ஆய்வு. 1921-ல் டொரன்டோவில் இன்சுலின் கண்டுபிடித்த கதை எல்லோருக்கும் தெரியும். வாயால் சாப்பிடும் மாத்திரை அதற்கப்புறம் வந்தது. 1942-ல் பிரான்சின் மோன்பெல்லியே நகரில் டைபாய்டுக்கு ஒரு சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகளுக்குச் சர்க்கரை அபாயகரமாக இறங்கியது. அந்தத் தற்செயலிலிருந்து பிறந்த குடும்பத்தில் ஒன்றுதான் டால்புடமைடு. 1950-களின் பிற்பகுதியில் அமோகமாக விற்றது. ஊசி வேண்டாம், மாத்திரை போதும் என்றால் யார்தான் விடுவார்கள்?

1961-ல் அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனைகள் சில சேர்ந்து, சர்க்கரையை இறக்கினால் ரத்தக்குழாய் நோய்கள் உண்மையிலேயே குறைகிறதா என்று பார்க்க ஆரம்பித்தன. ஆய்வின் பெயர் சுருக்கமாக யு.ஜி.டி.பி. மாத்திரை நல்லது செய்வதைக் காட்டத்தான் கிளம்பினார்கள். நடந்தது தலைகீழ். டால்புடமைடு சாப்பிட்ட 204 பேரில் 26 பேர் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்திருந்தார்கள். வெறும் மாவு மாத்திரை சாப்பிட்ட 205 பேரில் இறந்தவர்கள் 10. 1969-ல் அந்த மாத்திரையை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள்.

1970-ல் முடிவு முறையாக வெளியாகும் முன்பே செய்தி கசிந்து, டாக்டர்களுக்கு முன்னால் நோயாளிகளுக்குத் தெரிந்துவிட்டது. பெரிய சண்டை. ஆய்வே தப்பு, ஆட்களைப் பிரித்த விதம் தப்பு என்று சர்க்கரை நிபுணர்களில் ஒரு பெரிய கூட்டமே திரண்டது. மூலக் கணக்கைக் காட்டு என்று கேட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அது அரசாங்க ஆவணம் இல்லை, கொடுக்க வேண்டியதில்லை என்று 1980-ல் தீர்ப்பு வந்தது. மாத்திரை அட்டையில் எச்சரிக்கை அச்சானது 1984-ல்! முடிவு வந்த பிறகு 14 வருஷம். அந்த ஆய்வில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் குடும்பத்தின் பிற்கால மாத்திரைகள் அந்த அளவு ஆபத்தாகத் தெரியவும் இல்லை. ஆனால் அது கேட்ட கேள்வி சரியான கேள்வி. சர்க்கரை இறங்கியது சரி, ஆள் என்ன ஆனார்?

இதே ஆய்வில் ஃபென்ஃபார்மின் என்ற இன்னொரு மாத்திரையும் இருந்தது. ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறுகிறது என்று 1977-ல் அமெரிக்காவில் நிறுத்தினார்கள். நம் நாட்டில் தடை வந்தது 2003-ல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் தம்பிதான் இன்று பாதி வீடுகளில் இருக்கும் மெட்ஃபார்மின். அண்ணன் செய்த தப்புக்காக, ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்களுக்குத் தம்பியையும் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்காவில் அட்டையிலேயே போட்டிருந்தார்கள். தம்பி நல்லவன் என்று தெரிந்து அந்த வரியை எடுத்தது 2006-ல்தான்.

இப்போ அப்பா சாப்பிட்ட மாத்திரைக்கு வருவோம். கிளிட்டசோன் குடும்பம், ஜப்பான் ஆய்வுக்கூடங்களில் தொடங்கியது. உடம்பில் இருக்கும் இன்சுலினையே நன்றாக வேலை செய்ய வைக்கும், புதுமையான வழி. முதலில் வந்த ட்ரோகிளிட்டசோன் 1997-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்து, கல்லீரலைக் கெடுத்து, 2000-ல் போய்விட்டது. 1999-ல் ரெண்டு பேர் வந்தார்கள்: ரோசிகிளிட்டசோன், பயோகிளிட்டசோன். சர்க்கரையை அழகாக இறக்கினார்கள். கூடவே சிறுநீரகத்தில் ஒரு வேலை செய்தார்கள். வெளியே போக வேண்டிய உப்பைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். உப்பு எங்கேயோ தண்ணீர் அங்கே. நல்ல இதயம் இந்தக் கூடுதல் சுமையைச் சமாளித்துவிடும். ஏற்கெனவே பலவீனமாகத் தொடங்கிய இதயம், அதாவது வருஷக்கணக்கான சர்க்கரையால் சத்தமில்லாமல் தளர்ந்துபோன இதயம், திணறும். அப்பாவின் அந்த 5 கிலோ எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா? தங்கமணி சமையல் இல்லை, தண்ணீர். (இதை வீட்டில் சத்தமாகச் சொல்வதில்லை.)

இதில் வருத்தம் என்னவென்றால், இது தெரியாத ரகசியம் இல்லை. 2003 டிசம்பரிலேயே அமெரிக்க இதயச் சங்கமும் நீரிழிவுச் சங்கமும் சேர்ந்து அறிக்கை விட்டார்கள்: ஹார்ட் ஃபெயிலியர் முற்றியவர்களுக்கு இவற்றைக் கொடுக்காதீர்கள், மற்றவர்களுக்கும் எடையையும் வீக்கத்தையும் கவனியுங்கள். அதற்குப் பிறகு எண்களும் வந்தன. 2005-ல் ப்ரோஆக்டிவ் ஆய்வில் பயோகிளிட்டசோன் எடுத்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு ஹார்ட் ஃபெயிலியர் பதிவானது, எடுக்காதவர்களில் 8. 2006-ல் ட்ரீம் ஆய்வு. அதில் இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோயே இன்னும் வரவில்லை, வரும் நிலையில் இருந்தவர்கள். ரோசிகிளிட்டசோன் பக்கம் 14 பேருக்கு ஹார்ட் ஃபெயிலியர், மறுபக்கம் 2 பேருக்கு. இதெல்லாம் மயிலாடுதுறையிலிருந்து நாக்பூர் வந்த ஒரு ரிட்டயர் ஆசாமியின் சீட்டுக்கு வந்து சேரவில்லை. தப்பு இன்னார் மீது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த மாத்திரை விலை மலிவு, சர்க்கரையும் இறங்கியது. ஊர் டாக்டருக்கு வேறென்ன தெரிய வாய்ப்பிருந்தது?

2007 மே மாதம்தான் குண்டு வெடித்தது. கிளீவ்லாந்தின் இதய நிபுணர் ஸ்டீவன் நிசென், கேத்தி வோல்ஸ்கி என்ற புள்ளியியலாளரோடு சேர்ந்து ரோசிகிளிட்டசோன் பற்றிய 42 ஆய்வுகளைக் கூட்டிக் கணக்குப் போட்டு, ஹார்ட் அட்டாக் அபாயம் 43 சதவீதம் அதிகம் என்று எழுதினார். அந்தக் கணக்கு அவருக்கு எங்கே கிடைத்தது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். அந்தக் கம்பெனியின் இணையதளத்திலேயே! வேறொரு மருந்து, மனச்சோர்வு மாத்திரை ஒன்றின் விவகாரத்தில் நியூயார்க் மாநிலம் 2004-ல் போட்ட வழக்கைச் சமாதானம் பண்ணும்போது, எல்லா ஆய்வு முடிவுகளையும் பொதுவில் வைக்கிறோம் என்று கிளாக்ஸோ ஒப்புக்கொண்டிருந்தது. வைத்ததை எடுத்து ஒருவர் கூட்டிப் பார்த்துவிட்டார். ஆடிட் என்றால் இதுதான்.

அந்த வருஷம் ஆகஸ்டில் ரெண்டு மாத்திரைகளுக்கும் கருப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை வந்தது. எதற்குத் தெரியுமா? ஹார்ட் ஃபெயிலியருக்கு. அப்பாவின் கால் வடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. 2009-ல் ரெக்கார்ட் ஆய்வு, 4,447 பேர்: ரோசிகிளிட்டசோன் பக்கம் 61 பேருக்கு ஹார்ட் ஃபெயிலியர், எதிர்ப்பக்கம் 29. 2010 செப்டம்பரில் ஐரோப்பா அதை நிறுத்தியது, அமெரிக்கா கடுமையாகக் கட்டுப்படுத்தியது. நம் அரசாங்கம் இந்த முறை வேகம், நவம்பரில் தடை. 2012-ல் கிளாக்ஸோ அமெரிக்காவில் 300 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த வழக்கில் இருந்த குற்றங்களில் ஒன்று, இந்த மாத்திரையின் பாதுகாப்புத் தகவலை மறைத்தது.

இதற்கப்புறம் ஒரு திருப்பம். ரெக்கார்ட் ஆய்வைத் திரும்ப ஒருமுறை துருவிப் பார்த்துவிட்டு, ஹார்ட் அட்டாக் குற்றச்சாட்டு உறுதியாகவில்லை என்று 2013-ல் அமெரிக்கா கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஆனால் ஹார்ட் ஃபெயிலியர் எச்சரிக்கை அப்படியே நின்றது. பேப்பர், டி.வி. எல்லாம் கத்திய குற்றச்சாட்டு வலுவிழந்தது. யாரும் கத்தாத குற்றச்சாட்டுதான் நிலைத்தது.

அதே 2013 ஜூனில் நம் நாட்டில் பயோகிளிட்டசோனையும் திடீரென்று நிறுத்தினார்கள், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ப் பயத்தில். டாக்டர்கள் எதிர்ப்புக்குப் பிறகு ஜூலைக் கடைசியில் எச்சரிக்கையோடு திரும்பவும் விட்டார்கள். சரியான ஆளுக்குச் சரியான அளவில் அது இன்றும் உபயோகமான மாத்திரைதான். தலையணை எண்ணிக்கையைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு அடியும் விழுந்தது. 2008 பிப்ரவரியில் அக்கார்ட் என்ற ஆய்வு, 10,251 பேர். சர்க்கரையைச் சாதாரண மனிதர் அளவுக்கு மிகக் கறாராக இறக்கிய பக்கத்தில் 257 மரணம், நிதானமாக விட்ட பக்கத்தில் 203. பாதியில் நிறுத்தினார்கள். கண், சிறுநீரகத்துக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு நல்லது என்பது வேறு ஆய்வுகளில் நிரூபணமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எண்ணை எவ்வளவுக்கு அடித்து இறக்குகிறோமோ அவ்வளவுக்கு உயிர் பிழைக்கும் என்ற நம்பிக்கை அன்றோடு உடைந்தது.

இதையெல்லாம் பார்த்து 2008 டிசம்பரில் அமெரிக்க மருந்துத் துறை, அதாவது எஃப்.டி.ஏ., ஒரு விதி போட்டது. இனி புதுச் சர்க்கரை மாத்திரை வந்தால் இதயத்துக்குக் கெடுதல் இல்லை என்று ஆயிரக்கணக்கான பேரிடம் சோதித்துக் காட்டு. கம்பெனிகள் அழுதன, செலவு அப்படி. அந்த ஆய்வுகளிலும் முக்கியமாக எண்ணியது மூன்று: இதய மரணம், அட்டாக், பக்கவாதம். ஹார்ட் ஃபெயிலியர் முதல் வரிசையில் இல்லை! இருந்தும் வெளிவந்தது. 2013-ல் சாக்ஸகிளிப்டின் மாத்திரையை 16,492 பேரிடம் பார்த்தார்கள். அந்த மூன்றிலும் வித்தியாசம் இல்லை, ஆனால் ஹார்ட் ஃபெயிலியருக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 2.8-க்குப் பதில் 3.5 சதவீதம். 2016-ல் எச்சரிக்கை. அதே குடும்பத்துச் சிட்டகிளிப்டினுக்கு 2015-ல் அப்படி எதுவும் தெரியவில்லை. ஒரே குடும்பம் என்பதால் ஒரே குணம் இல்லை.

அடுத்து வந்தது ஆப்பிள் மரம். 1835-ல் ஐரோப்பிய வேதியியலாளர்கள் ஆப்பிள் மர வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1886-ல் ஜெர்மானியர் யோசஃப் ஃபான் மேரிங், அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை கொட்டுகிறது என்று கண்டார். அப்போது அது நோயை உண்டாக்கிப் பார்க்கும் பரிசோதனைப் பொருள், மருந்து இல்லை. சிறுநீரில் இனிப்பு போவதுதானே வியாதியின் அடையாளம்? அதையே மருந்தாக்கலாம் என்று யோசிக்க நூறு வருஷம் ஆனது.

விஷயம் இதுதான். சிறுநீரகம் தினமும் சுமார் 180 கிராம் சர்க்கரையை வடிகட்டி, அத்தனையையும் திரும்ப ரத்தத்துக்கு அனுப்புகிறது. அந்த வேலையில் 90 சதவீதத்தைச் செய்வது எஸ்.ஜி.எல்.டி.2 என்ற ஒரு வாயிற்காவலன். அவனைத் தடுத்தால் சர்க்கரை வெளியே போகும், கூடவே உப்பும் தண்ணீரும். பிறவியிலேயே அந்தக் காவலன் சரியில்லாத சிலர் பெரிய தொல்லையில்லாமல் வாழ்கிறார்கள் என்பது தைரியம் கொடுத்தது. கானாகிளிஃப்ளோசின் 2013-ல், டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. சர்க்கரையை இறக்குவதில் பெரிய சூரர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

2008 விதிப்படி எம்பாகிளிஃப்ளோசினையும் சோதிக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே இதய நோயுள்ள 7,020 சர்க்கரைக்காரர்கள். கெடுதல் இல்லை என்று காட்டினால் போதும், அதுதான் நோக்கம். 2015 செப்டம்பரில் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் முடிவைப் படித்தார்கள். இதய நோய் மரணம் 38 சதவீதம் குறைவு, ஹார்ட் ஃபெயிலியருக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது 35 சதவீதம் குறைவு. ரெண்டு பக்கத்துக்கும் இடையே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையில் இருந்த வித்தியாசமோ கடைசியில் அரை சதவீதத்துக்கும் குறைவு! அப்படியென்றால் நல்லது செய்தது சர்க்கரை இறங்கியது இல்லை. உப்பு, தண்ணீர் குறைந்தது ஒரு காரணம். மற்றதெல்லாம் இன்னும் விவாதம்தான்.

ரோசிகிளிட்டசோன் ரகளை இல்லாவிட்டால் அந்த விதி இல்லை. அந்த விதி இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய இதயக் கணக்கை எந்தக் கம்பெனியும் தானாக எடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2019-ல் டபா-ஹெச்.எஃப். ஆய்வில் 4,744 ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளிடம் டபாகிளிஃப்ளோசினைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் சர்க்கரையே கிடையாது. நோய் முற்றுவதோ இதய மரணமோ 21.2 சதவீதத்திலிருந்து 16.3-க்கு இறங்கியது, சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும். 2020-ல் அமெரிக்காவில் அதை ஹார்ட் ஃபெயிலியர் மருந்தாகவே அங்கீகரித்தார்கள்.

நமக்கு முக்கியம் விலை. டபாகிளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை இந்தியாவில் 2020 அக்டோபரில் முடிந்ததும் உள்ளூர்க் கம்பெனிகள் இறங்கின, டெல்லி உயர் நீதிமன்றத்தில் சண்டை போட்டுக்கொண்டே விற்றன. எம்பாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தது. மாத்திரை ஒன்று 60 ரூபாய் வாக்கில் விற்றது, சில கம்பெனிகளில் 10 ரூபாய்க்கும் கீழே வந்தது. பென்ஷன்காரருக்கு மாதம் 1,800 ரூபாய் என்பதும் 300 ரூபாய் என்பதும் ஒன்றில்லை.

அப்பாவுக்கு இப்போ 76. போன வருஷம் எக்கோ எடுத்ததில் பம்ப் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்றார்கள், இந்த மாத்திரையைச் சேர்த்திருக்கிறார்கள். ராத்திரி ரெண்டு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று புலம்பல். "அந்த மாத்திரை தண்ணியை உள்ளே வச்சுது, இது தூங்கவே விட மாட்டேங்குதுடா." நோட்டு இன்னும் இருக்கிறது, ஐந்தாவது நோட்டு. நாக்பூர் டாக்டர் சொன்ன நாலாவது கட்டமும் இருக்கிறது. தினமும் காலையில் காபிக்கு முன்னால் எடை பார்த்து எழுதிவிடுகிறார்.

கொசுறு: இந்தப் புது மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் ரெண்டு விஷயம் டாக்டரிடம் கேட்டுவையுங்கள். ஒன்று, ஆபரேஷன் என்றால் குறைந்தது மூன்று நாள் முன்பே இதை நிறுத்தச் சொல்வார்கள். ஏகாதசி மாதிரி பட்டினி விரதம் இருப்பவர்களும் முதலில் கேட்டுக்கொள்ளவும். ரெண்டு, வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால், மீட்டரில் சர்க்கரை சாதாரணமாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறியிருக்கலாம். மீட்டர் அதைக் காட்டாது.